ஐஸில் காத்திருந்த டியூப்கள்: மூளைத் திசுவில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை அளக்கப் போய் 14 மாதம் இழந்த அனுபவம்

பன்னிரண்டு டியூப்களின் ரீடிங்கையும் குழு பிரிக்காமல், அன்று எந்த வரிசையில் அரைத்தேனோ அதே வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. செல்லைக் காக்கும் குளூட்டாதயோனின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த வடிவம், அதாவது ஜிஎஸ்எஸ்ஜி, முதல் டியூபில் குறைவு, இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல், மூன்றாவதில் இன்னும் கூடுதல் என்று ஏணிப்படி போல ஏறியிருந்தது. ஒன்று முதல் ஆறு வரை கன்ட்ரோல் எலிகள். அவற்றுக்குள்ளேயே ஏன் ஏற வேண்டும்? ஏழு முதல் பன்னிரண்டு வரை, பார்க்கின்சன் மாதிரிக்காக மூளையில் 6-ஹைட்ராக்சிடோபமைன் என்ற நச்சு செலுத்திய எலிகள். ஆறு விட்ட இடத்தில் ஏழு தொடங்கி, அதே ஏற்றம் கடைசி வரை போனது. நோய் உண்டாக்கிய வித்தியாசம் என்று ஒன்பது மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அளந்தது, ஒவ்வொரு டியூபும் ஐஸில் எத்தனை நிமிடம் காத்திருந்தது என்பதை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான்கு தொகுதி, 48 எலிகள், எல்லாவற்றிலும் இதே வரிசை. போன காலத்தைவிட அந்த உயிர்கள்தான் மனதை அதிகம் அறுத்தன.

திருத்தி மறுபடி செய்து முடிக்க மேலும் ஐந்து மாதம் ஆனது. புரோட்டோகால் தாளில் எத்தனை மில்லி எதை ஊற்ற வேண்டும் என்று இருக்கும், எந்த இடத்தில் எது கெடும் என்று இருக்காது. மூளைத் திசுவில் ஜிஎஸ்ஹெச் (ஆக்ஸிஜனேற்றம் அடையாத குளூட்டாதயோன்), எம்டிஏ (கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்தில் சிதைந்து தரும் பொருள்), எஸ்ஓடி, கேட்டலேஸ் (இரண்டும் காப்பு நொதிகள்) அளக்கத் தொடங்கும் ஒருவருக்காவது இது முன்கூட்டியே போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு மாதிரிகளில் இவற்றை அளக்கும் ஆய்வுகள் நிறைய. தவறு நுழைய இவ்வளவு வாசல் உள்ள அளவீடுகளோ அரிது.

வரிசை ஏன் இவ்வளவு பாதித்தது என்று புரிய, மூளையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் எடுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதன் சவ்வுகளில் டிஹெச்ஏ போன்ற, இரட்டைப் பிணைப்பு மிகுந்த கொழுப்பு அமிலங்கள் நிறைய. இவைதான் ஃப்ரீ ரேடிக்கலுக்கு எளிதில் இரையாகின்றன. இரும்பும் உண்டு, குறிப்பாக பார்க்கின்சனில் அழியும் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில். கேட்டலேஸோ கல்லீரலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆகவே சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கலை எஸ்ஓடி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றிய பிறகு, அதை அப்புறப்படுத்தும் வேலை பெரும்பாலும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின் ஆகியவற்றின் தலையில் விழுகிறது. பெராக்சிடேஸ் ஜிஎஸ்ஹெச்சைச் செலவழித்து ஜிஎஸ்எஸ்ஜி ஆக்கும், குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்ஏடிபிஹெச் கொண்டு அதைத் திரும்ப ஜிஎஸ்ஹெச் ஆக்கும். உயிரோடு இருக்கும்வரை இந்தச் சக்கரம் சுற்றும். ரத்த ஓட்டம் நின்றதும் குளுக்கோஸ் வரத்து நிற்கிறது, என்ஏடிபிஹெச் தீர்கிறது, மீட்கும் பக்கம் படுத்துவிடுகிறது. ஆக்ஸிஜனேற்றும் பக்கம் மட்டும் நிற்பதில்லை.

உறைந்த திசு உருகும்போது நிலைமை இன்னும் மோசம். ஐஸ் படிகங்கள் சவ்வுகளைக் கிழித்திருக்கும். பிரித்து வைக்கப்பட்டிருந்த இரும்பு, கொழுப்பு, நொதிகள், காற்றிலிருந்து கரைந்த ஆக்ஸிஜன் எல்லாம் ஒரே குழம்பில் சேரும். ஐஸில்தானே இருக்கிறது என்ற நிம்மதி வேண்டாம். ஐஸ் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நான் செய்தது இதுதான்: காலையில் மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து பன்னிரண்டு டியூபையும் ஒன்றாக எடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். திசுவை அரைக்கும் ஹோமோஜெனைசர் ஒன்றே ஒன்று. திசுவை எடை போட்டு, அரைத்து, புரோபைக் கழுவித் துடைக்க ஒரு மாதிரிக்கு ஒன்பது நிமிடம். பன்னிரண்டாவது டியூபின் முறை வரும்போது ஏறக்குறைய 100 நிமிடம் கடந்திருக்கும். எண் வரிசைப்படி செய்தால் குழப்பம் வராது என்று நினைத்ததால், கடைசி ஆறும் எப்போதும் நச்சு செலுத்திய எலிகளாகவே இருந்தன.

இந்தத் தவறு ஜிஎஸ்எஸ்ஜியில் இவ்வளவு பெரிதாகத் தெரியக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் மூளைத் திசுவில் ஜிஎஸ்ஹெச் சுமார் 2,000 நானோமோல் என்று வைத்துக்கொள்வோம். நலமான திசுவில் ஜிஎஸ்எஸ்ஜி அதில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதாவது 20 நானோமோல். கையாளும்போது ஜிஎஸ்ஹெச்சில் வெறும் 4 சதவீதம், 80 நானோமோல், ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் போதும். இரண்டு ஜிஎஸ்ஹெச் சேர்ந்து ஒரு ஜிஎஸ்எஸ்ஜி என்பதால் 40 நானோமோல் புதிதாக வரும். 20 இருந்தது 60 ஆகிவிட்டது, மூன்று மடங்கு. அதே நேரம் ஜிஎஸ்ஹெச் 2,000-லிருந்து 1,920. இந்த வித்தியாசத்தை எந்த நிறமானியும் உங்களுக்குத் தெளிவாகக் காட்டாது. ஜிஎஸ்ஹெச் அசையாமல் ஜிஎஸ்எஸ்ஜி மட்டும் பல மடங்கு ஏறியிருந்தால், நோயைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் மேஜையைச் சந்தேகியுங்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் நைக்ராவில் ஜிஎஸ்ஹெச் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை 1990-களில் இறந்தோர் மூளைகளில் அளந்து காட்டினார்கள். அங்கேகூட ஜிஎஸ்எஸ்ஜி அதற்கு ஈடாகக் குவிந்து கிடக்கவில்லை.

சரியான வழி இப்படி. திசுவை எக்காரணம் கொண்டும் உருக விடாதீர்கள். உலர் ஐஸின் மேல் ஓர் உலோகத் தகட்டை வைத்து, அதன்மேல் வைத்தே வெட்டுங்கள். எலியின் இரு பக்க ஹிப்போகேம்பஸும் சேர்ந்து 100 மில்லிகிராமை ஒட்டி வரும். உறைந்த நிலையிலேயே அதை இரண்டாகப் பிரியுங்கள். 40 மில்லிகிராம் குளூட்டாதயோனுக்கு, 60 மில்லிகிராம் மற்ற எல்லாவற்றுக்கும். குளூட்டாதயோன் பங்கு, பஃபரையே பார்க்கக் கூடாது. 360 மைக்ரோலிட்டர் 5 சதவீத சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஐஸ் குளிர்ச்சியில் தயாராக இருக்க, அதற்குள் நேராகப் போட்டு அரை நிமிடத்துக்குள் அரைத்துவிடுங்கள். அமிலம் புரதத்தை வீழ்படிவாக்கும், நொதிகளை நிறுத்தும், ஜிஎஸ்ஹெச்சின் கந்தகப் பகுதியான தயோலை எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையாத நிலையில் வைத்திருக்கும். பிறகு 10,000 ஜி, 4 டிகிரி, 10 நிமிடம். ஃப்ரீசரிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு டியூப் மட்டுமே வெளியே வர வேண்டும். எடுத்த நேரத்தையும் அமிலத்தில் போட்ட நேரத்தையும் லேப் நோட்டில் எழுதுங்கள். அந்த இரண்டு நெடுவரிசை என் நோட்டில் இருந்திருந்தால் முதல் தொகுதியிலேயே பிடித்திருப்பேன்.

ஜிஎஸ்எஸ்ஜியைத் தனியாக அளக்க, கலவையிலுள்ள ஜிஎஸ்ஹெச்சை முதலில் மறைக்க வேண்டும். 2-வினைல்பிரிடின் வழக்கமான வழி. ஆனால் அமிலச் சாற்றில் அது வேலை செய்யாது. டிரைஎத்தனோலமீன் சேர்த்து பிஹெச் 6-க்கும் 7-க்கும் இடையில் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் விட வேண்டும். நடுநிலைக்கு வந்த அந்தக் கணம் முதல் ஜிஎஸ்ஹெச் மறுபடி ஆபத்தில் இருக்கிறது. ஆகவே வினைல்பிரிடினை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு பிஹெச்சை உயர்த்துங்கள். புகைக் கூண்டுக்குள் செய்யுங்கள், அதன் நாற்றமும் நச்சும் கடுமை. என்-எத்தில்மாலிமைடு நொடியில் வேலை முடித்துவிடும், ஆனால் மிச்சம் இருந்தால் அடுத்து வரும் குளூட்டாதயோன் ரிடக்டேஸையே முடக்கிவிடும். அதைப் பிரித்து நீக்க வசதி இருந்தால் மட்டும் அந்த வழி.

ஜிஎஸ்ஹெச்சுக்கு எல்மன் 1959-ல் தந்த டிடிஎன்பி முறையே போதும், டிடிஎன்பி தயோலோடு வினைபுரிந்து தரும் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டரில் படிக்கலாம். இங்கே என் இரண்டு வாரத்தைத் தின்றது பிஹெச். டிடிஎன்பி நன்றாக வினைபுரிய 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நாமோ அமிலச் சாற்றை ஊற்றுகிறோம். 0.1 மோலார் பாஸ்பேட் 2 மில்லியில் 100 மைக்ரோலிட்டர் 5 சதவீதச் சாறு சேர்ந்தாலே பிஹெச் நன்றாக இறங்கி, நிறம் மெல்ல மெல்ல வரத் தொடங்கும். முதல் குவெட்டை இரண்டாம் நிமிடத்திலும் கடைசியை இருபதாம் நிமிடத்திலும் படித்தால், கையில் கிடைப்பது மறுபடியும் வரிசையின் கணக்குதான். பாஸ்பேட்டை 0.3 மோலாருக்கு உயர்த்துங்கள், கலந்த பிறகு ஒரு துளியை பிஹெச் தாளில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றையும் டிடிஎன்பி சேர்த்ததிலிருந்து ஐந்தாம் நிமிடத்தில் படியுங்கள். ஸ்டாண்டர்டையும் தண்ணீரில் போடாமல் அதே அமிலத்தில் கரைத்துப் போடுங்கள். புரதத்தை வீழ்த்தாமல் நேரடியாக ஹோமோஜெனேட்டில், அதாவது அரைத்த கூழில், டிடிஎன்பி சேர்ப்பவர்கள், புரதத்தில் ஒட்டியிருக்கும் தயோல்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அது ஜிஎஸ்ஹெச் அளவு ஆகாது.

எம்டிஏ-க்கு வருவோம். டிபிஏ (தயோபார்பிட்யூரிக் அமிலம்) சேர்த்து 95 டிகிரியில் 60 நிமிடம் சூடாக்கி, இளஞ்சிவப்பை 532 நானோமீட்டரில் படிக்கும் முறை. இதில் ஆக்ஸிஜனேற்றத்தை உண்டாக்குவதே நாம்தான் என்பதை மறக்கக் கூடாது. கொழுப்பும் இரும்பும் அமிலமும் சேர்ந்த கலவையை ஒரு மணி நேரம் கொதிநிலைக்கு அருகில் வைத்தால், எலியின் மூளையில் இல்லாத எம்டிஏ எல்லாம் டியூபில் பிறக்கும். பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானை எத்தனாலில் கரைத்து, கடைசிச் செறிவு 0.01 சதவீதம் வரும்படி, அரைக்கும் பஃபரிலேயே சேர்த்துவிட வேண்டும். சூடாக்கும் முன் சேர்த்தால் போதும் என்று விட்டால், அரைத்ததிலிருந்து அதுவரை நடந்தது நடந்ததுதான். அந்தப் பஃபரில் இரும்பைப் பிடித்து வைக்க ஈடிடிஏ-வைவிட டிடிபிஏ நல்லது. ஈடிடிஏ பிடித்தாலும், அந்த இரும்பு பெராக்சைடோடு வினைபுரிவதை நிறுத்திவிடாது.

எனக்கு நடந்தது வேறு. மைட்டோகாண்ட்ரியா பிரிக்க வைத்திருந்த 0.25 மோலார் சுக்ரோஸ் பஃபரிலேயே எம்டிஏ-க்கும் அரைத்தேன், பஃபர் கையில் இருக்கிறதே என்று. சூடாக்கி எடுத்ததும் டியூப்கள் ரோஜா நிறத்தில் வரவில்லை, ஆரஞ்சு மஞ்சளில் வந்தன. சர்க்கரை டிபிஏ-வோடு சேர்ந்து 450 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும் வேறொரு நிறத்தைத் தரும், அதன் வால் 532 வரை நீளும். எண்கள் நம்பும்படியாக இருந்ததால் மூன்று வாரம் நிறத்தைக் கவனிக்கவே இல்லை. ரீடிங் எடுக்கும் முன் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 400 முதல் 600 வரை ஒரு ஸ்கேன் ஓட்டி, 532-ல் கூர்மையான முகடு இருக்கிறதா என்று பாருங்கள். திசு உண்டு டிபிஏ இல்லை, டிபிஏ உண்டு திசு இல்லை, பஃபர் மட்டும் என்று மூன்று பிளாங்க் வையுங்கள். சந்தேகம் இருந்தால் பியூட்டனாலில் பிரித்தெடுத்துப் படியுங்கள், கலங்கல் போகும். ஸ்டாண்டர்டாகப் போடும் டெட்ராமீதாக்சிபுரோப்பேனும் மாதிரிகளோடு சேர்ந்து வேக வேண்டும். அமிலத்தில் சூடானால்தான் அது எம்டிஏ-வை விடுவிக்கும்.

இதே அளவீட்டில் இன்னொரு பரவலான பிழை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சூப்பர்நேட்டன்ட் என்று, 10,000 ஜி-யில் சுழற்றி மேலே நிற்பதை மட்டும் எடுத்து எம்டிஏ பார்ப்பார்கள். கொழுப்பு இருப்பது சவ்வில், சவ்வின் பெரும்பகுதி கீழே பெல்லட்டில் போய்விட்டது. லிப்பிட் பெராக்சிடேஷன் பார்க்க முழு ஹோமோஜெனேட்தான் வேண்டும். அதிலும் டிபிஏ எம்டிஏ-வோடு மட்டும் வினைபுரிவதில்லை என்பதால், முடிவை எழுதும்போது டிபிஏ வினைப்பொருள்கள் என்று எழுதுவதே நேர்மை.

கேட்டலேஸில் நான் ஏமாந்தது ரத்தத்தால். நச்சு செலுத்திய பக்கம் கேட்டலேஸ் கூடியிருந்தது. மூளை தன்னைக் காத்துக்கொள்ள எதிர்ப்பு நொதியைக் கூட்டிக்கொள்கிறது என்று ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். சிவப்பணுக்களில் கேட்டலேஸ் கொட்டிக் கிடக்கிறது, மூளையிலோ சொற்பம். ஊசி இறங்கிய பாதையில் கசிந்து உறைந்த ரத்தம், இரத்தக் குழாயில் மிச்சமிருந்த ரத்தம், இவை போதும் அந்த ஏற்றத்தைக் காட்ட. எஸ்ஓடி1-உம் சிவப்பணுவில் ஏராளம், ஆகவே அதற்கும் இதே எச்சரிக்கை. ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்தின் இடது கீழறை வழியாக ஐஸ் குளிர்ச்சியான 0.9 சதவீத சலைன் செலுத்தி, வலது மேலறையிலிருந்து வெளிவரும் திரவம் தெளிந்து, கல்லீரல் வெளிறும் வரை கழுவ வேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் அதே நிமிடக் கணக்கு இருக்கட்டும், கழுவும் நேரம் கூடினால் குளூட்டாதயோன் பாதிக்கும். ஃபார்மலின் பக்கத்திலேயே வர வேண்டாம். பிறகு சூப்பர்நேட்டன்ட்டை 415 நானோமீட்டரில் ஒரு முறை படியுங்கள், ஹீமோகுளோபின் இருந்தால் அங்கே முகடு தெரியும். என் பழைய மாதிரிகளில் எந்த டியூபில் 415 உயர்ந்திருந்ததோ அந்த டியூபில்தான் கேட்டலேஸும் உயர்ந்திருந்தது. அந்தப் பத்தியை அன்றே கிழித்தேன்.

அளவீடு எளிதுதான். 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 7.0, அதில் 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு, 240 நானோமீட்டரில் 0.44-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 30 சதவீத பாட்டிலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்தால் ஏறக்குறைய அங்கே வரும். வராவிட்டால் பாட்டில் வலுவிழந்துவிட்டது, கணக்குப் போட்டு ஊற்றுவதைவிட ரீடிங்கைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். குவெட் குவார்ட்ஸாக இருக்க வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் 240-ல் ஒளியை விடாது. சாறு அதிகமானால் குமிழி வந்து கோடு துள்ளும், மாதிரியைக் குறையுங்கள். கேட்டலேஸ் பெராக்சைடைச் சிதைக்கச் சிதைக்க ரீடிங் இறங்கும், அதில் முதல் 30 நொடிச் சரிவை மட்டும் எடுங்கள். பெராக்சிசோமுக்குள் இருக்கும் நொதி வெளிவர, சவ்வைக் கரைக்கும் டிரைட்டன் தேவை. கெடாமல் இருக்கட்டும் என்று பஃபரில் சோடியம் அசைடு போட்டிருந்தால் கேட்டலேஸ் சுத்தமாகப் படுத்துவிடும். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் அளக்கும்போதோ அதே அசைடை வேண்டுமென்றே போடுவோம், கேட்டலேஸ் குறுக்கிடாமல் இருக்க. இரண்டு பஃபரையும் மாற்றி எடுத்துவிடாதபடி மூடியில் நிறம் பூசி வையுங்கள்.

எஸ்ஓடி-யில், பைரோகலால் தானாக ஆக்ஸிஜனேற்றம் அடைவதை அந்த நொதி எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் பைரோகலால் முறை மலிவு, எளிது, ஆனால் கண்டிப்பு அதிகம். டிரிஸ் பஃபர், பிஹெச் 8.2, டிடிபிஏ 1 மில்லிமோலார், 420 நானோமீட்டர். பைரோகலாலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைத்தால்தான் சில மணி நேரம் தாங்கும். முதலில் திசு இல்லாத பிளாங்க் நிமிடத்துக்கு 0.02 ஏறும்படி பைரோகலால் அளவைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் மாதிரியைத் தொட வேண்டும். டிரிஸ் பஃபரின் பிஹெச் வெப்பநிலையோடு நகரும், ஒரு டிகிரிக்கு 0.03-ஐ ஒட்டி. 25 டிகிரியில் 7.4 வைத்தது குளிர்பெட்டியில் 8-ஐத் தொட்டிருக்கும். எந்த வெப்பநிலையில் அளக்கிறீர்களோ அதில் பிஹெச் வையுங்கள். பாதி தடுத்தால் ஒரு யூனிட் என்பதால், 85 சதவீதம் தடுத்த மாதிரியிலிருந்து யூனிட் கணக்கிடுவது வீண். அந்த உயரத்தில் வளைவு தட்டையாகிவிட்டது, இரண்டு மடங்கு எஸ்ஓடி இருந்தாலும் தெரியாது. 30-க்கும் 70-க்கும் இடையில் வரும்வரை நீர்த்துக்கொண்டே இருங்கள். மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள மாங்கனீஸ் எஸ்ஓடி-யும் கணக்கில் வர வேண்டுமானால், ஐஸில் வைத்து ஐந்து ஐந்து நொடியாக சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் உடையுங்கள்), தொடர்ச்சியாக விட்டால் சூட்டில் நொதி வீணாகும்.

எதை அளந்தாலும் கடைசியில் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று வகுக்கிறோம். வகுக்கும் எண் தவறினால் மேலே பட்ட பாடெல்லாம் வீண். டிரைட்டன் சேர்த்த மாதிரியில், புரதம் அளக்கும் பிராட்ஃபோர்ட் முறையைப் போட்டால் நீலம் தானாக ஏறும். தயோல் சேர்த்த பஃபரில், புரதம் அளக்கும் இன்னொரு முறையான பிசிஏ-வின் ரீடிங் ஏறும். மயலின் மிகுந்த வெள்ளைப் பகுதி ஒரு மாதிரியில் கூடுதலாக ஒட்டி வந்தால் கிராமுக்கான புரதம் மாறும். இதனால் திசு எடைக்கும் புரதத்துக்கும் இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, இரண்டும் ஒரே திசையில் போகிறதா என்று பார்க்கிறேன். சென்ட்ரிஃபியூஜில் 10,000 என்று எழுதியிருந்தால் அது ஆர்பிஎம்-ஆ ஜி-யா என்று கேளுங்கள். 8 சென்டிமீட்டர் ரோட்டரில் 10,000 ஆர்பிஎம் என்பது 9,000 ஜி-க்கும் கொஞ்சம் குறைவு. ரோட்டர் சிறிதானால் இன்னும் இறங்கும்.

விலங்கு மாதிரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 6-ஹைட்ராக்சிடோபமைனே ஆக்ஸிஜனேற்றத்தின் வழியாகக் கொல்லும் நச்சு. தோபமைன் நரம்புகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், அங்கே அது தானாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பெராக்சைடும் குவினோனும் தரும். பாட்டிலிலேயே அது நடந்துவிட்டால் எலியின் மூளையில் போவது வலுவிழந்த நீர். சலைனில் 0.02 சதவீத அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, அன்றன்றைக்குக் கரைத்து, ஐஸில், அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள். நிறமில்லாமல் இருக்கும்வரைதான் அது நச்சு. இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தால் தயங்காமல் கொட்டுங்கள். என் இரண்டாம் தொகுதியில் கடைசி மூன்று எலிகளுக்குச் செலுத்தியபோது சிரிஞ்சில் மெல்லிய ரோஜாச் சாயல் இருந்தது, வெளிச்சத்தின் மயக்கம் என்று விட்டுவிட்டேன். அந்த மூன்றிலும் தோபமைன் நரம்புகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. எடை போடும்போது உப்பைக் கவனியுங்கள். ஹைட்ரோபுரோமைடின் மூலக்கூறு எடை 250, அடிப்படைச் சேர்மத்தினுடையது 169. அடிப்படையில் 8 மைக்ரோகிராம் வேண்டுமானால் உப்பில் 11.8 எடுக்க வேண்டும். எந்தக் கணக்கில் எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் அடுத்தவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. நச்சு இல்லாமல் ஊசி மட்டும் போடும் ஷாம் எலிகளுக்கும் அதே அஸ்கார்பிக் கரைசல் போக வேண்டும். எந்த நாளில் திசு எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முதல் சில நாள்களில் கிடைப்பது ஆக்ஸிஜனேற்றத்தின் தடம். நான்கு வாரம் கழித்து எடுத்தால் நரம்புகள் செத்து, மூளையின் துணைச் செல்களான கிளியா பெருகியிருக்கும், அப்போது ஜிஎஸ்ஹெச் மாறியிருப்பது செல்களின் கலவை மாறியதாலும் இருக்கலாம்.

காப்பு தரும் சேர்மம் ஒன்றைச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செடிச் சாறுகளிலுள்ள பாலிஃபீனால்கள் அளவீட்டு வினையிலேயே புகுந்துவிடும். எஸ்ஓடி அளக்கப் பயன்படும் சாயமான என்பிடி-யை நேரடியாக ஒடுக்கும், பைரோகலாலைத் தடுக்கும், எஸ்ஓடி கூடியது போலக் காட்டும். சாற்றை மட்டும், திசுவே இல்லாமல், ஒவ்வொரு அளவீட்டிலும் போட்டுப் பாருங்கள். நச்சுக்கு முன்பே மருந்து கொடுத்திருந்தால், நச்சு செல்லுக்குள் நுழைவதையே அது தடுத்திருக்கலாம். நோயாளி யாரும் நோய்க்கு முன் வருவதில்லை. டியூபில் வென்றது மனிதரில் வெல்லும் என்று எழுதுவதற்கு முன் பழைய சோதனைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டாட்டாடாப் சோதனையில் ஆரம்ப நிலை பார்க்கின்சன் நோயாளிகள் 800 பேரில் வைட்டமின் ஈ தினம் 2,000 யூனிட் சோதிக்கப்பட்டது. 1993-ல் வந்த முடிவு, பயன் இல்லை. கோஎன்சைம் கியூ10-ஐ 600 பேரில் தினம் 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள், 2014-ல் அதிலும் பயன் இல்லை என்றே வந்தது. அதே 2014-ல் 613 அல்சைமர் நோயாளிகளில் வைட்டமின் ஈ அன்றாடச் செயல்திறன் சரிவதைச் சற்று மெதுவாக்கியது, நினைவாற்றலைக் காக்கவில்லை. அந்த அளவுகளை மருத்துவர் சொல்லாமல் யாரும் தாமாக எடுக்கக் கூடாது, அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியது. தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் நோயின் பரம்பரை வடிவத்தில் எஸ்ஓடி1 மரபணு பழுதானதை 1993-ல் கண்டபோது, நொதி குறைந்ததுதான் காரணம் என்று பலர் எண்ணினார்கள். எஸ்ஓடி1-ஐ முழுதாக நீக்கிய சுண்டெலிகளுக்கு அந்த நோய் வரவில்லை. பழுதான புரதமே நச்சாகிறது என்று பிறகு தெரிந்தது. எதிர்ப்பு நொதியின் எண் ஒன்றை வைத்துக்கொண்டு நோயின் காரணத்தைச் சொல்வதில் இவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது.

மறுபடி தொடங்கியபோது முதலில் செய்தது, டியூப் எண்ணைப் பார்த்தால் குழு தெரியாதபடி இன்னொருவரை வைத்து மாற்றி எழுதியது. ஒவ்வொரு நாளும் கன்ட்ரோலும் நச்சு செலுத்தியதும் கலந்து, வரிசையைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். ஒரே கன்ட்ரோல் மூளையின் பொடியை உறைந்த நிலையில் இடித்து, சின்னச் சின்ன டியூப்களில் பிரித்து வைத்து, தினமும் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று அளந்தோம். மூன்றும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாத நாளின் ரீடிங்குகளை ஒதுக்கினோம். தெரிந்த அளவு ஜிஎஸ்எஸ்ஜி-யைத் திசுவோடு சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்த்தோம். கன்ட்ரோல்களில் ஜிஎஸ்எஸ்ஜி ஒரு சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினால் ஏணி இல்லை, புள்ளிகள் சிதறிக் கிடந்தன. நச்சு செலுத்திய பக்கம் ஜிஎஸ்ஹெச் குறைந்திருந்தது, முன்பு நான் கொண்டாடியதைவிட மிகச் சிறிய வித்தியாசம். ஆனால் மூன்று தொகுதியிலும் திரும்பத் திரும்ப வந்தது.

பழைய மாதிரிகளில் மிச்சமிருந்த கார்டெக்ஸ் துண்டுகள் இன்னும் மைனஸ் 80-இல் இருக்கின்றன. ஒருமுறை உருகியவை, குளூட்டாதயோனுக்கும் எம்டிஏ-க்கும் இனி உதவாது. புரதத்தின் அளவு அவ்வளவு சீக்கிரம் கெடாது என்பதால் எஸ்ஓடி1, எஸ்ஓடி2 வெஸ்டர்ன் போட அவற்றை எடுக்கலாம், ரத்தக் கலப்பை 415-இல் பார்த்துவிட்டு. அந்த உயிர்களிலிருந்து அதையாவது எடுக்க முடிகிறதே என்று பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "வெஸ்டர்னுக்கு மட்டும். ஜிஎஸ்ஹெச், எம்டிஏ-க்கு எடுக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு டியூப்."